ராஜப்பாவின் பத்தாம் நம்பர்

அமெரிக்காவிலிருந்து வினோலியா பார்சல் அனுப்பினாள் என்றால் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். அவள் என் சித்தி மகள். அங்கே கார்வர் சிட்டி என்கிற ஊரில் நர்ஸ். கிறிஸ்துமஸ் வந்தால் வாசனை சோப்பு, சாக்லேட், எனக்கென்று ஒரு ஸ்வெட்டர் வந்துவிடும். தொண்ணூற்றேழாம் வருஷ கிறிஸ்துமஸுக்கு, ஸ்வெட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஆபிரகாம் மாரிகுப்பம் ஈவினிங் ஸ்டார் ஃபுட்பால் கிளப்பின் செக்ரட்டரி என்பது அவளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்திருக்கிறது. அந்த வருஷக் குளிரை நான் பழைய ஸ்வெட்டரிலேயே ஓட்டினேன்.

கார்வர் சிட்டி ஹேமர்ஸ் என்ற அணியின் சரித்திரத்தில் பேர் வாங்கியவர்களைப் பற்றிய புத்தகம் அது. பக்கத்துக்கு ஒருவர். தலையில் ஹெல்மெட், சட்டைக்குள் தலையணையைத் திணித்த மாதிரி தோள், கண்ணுக்குக் கீழே கரி. பக்கத்து வீட்டு முனிரத்தினம் எங்கள் ஊர்த் தங்க மைனில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்ப்பவர். ஒரு பக்கம் புரட்டிவிட்டு, "இவங்கல்லாம் எந்த ஷாஃப்ட்டு? பாவம், ஷிஃப்ட் முட்ச்சி மேல வந்த ஒடனே ஃபோட்டோ புட்ச்சிருக்கான். மூஞ்சி கழுவக்கூட வுடல," என்றார்.

அது மைன் இல்லை, ஃபுட்பால் என்று ஆபிரகாம் விளக்கினார். பப்பாளிக்காய் மாதிரி ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவன்மேல் எல்லோரும் விழ வேண்டும். காலுக்கு அதிகம் வேலை இல்லாத ஆட்டத்துக்கு எதற்கு ஃபுட்பால் என்று பேர் என்று நான் கேட்டேன். அமெரிக்காக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அந்த ஆட்கள் கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நாற்பத்துநாலாம் நம்பர் ஓட்டிஸ் கிரேடி, மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டே கோட்டைத் தாண்டியவர். எழுபத்தொன்றாம் நம்பர் டச் க்ரோமருக்கு மூக்கு உடைந்து உடைந்து படத்துக்குப் படம் வேறு முகம். மூன்றாம் நம்பர் லெஸ்டர் போப் உதைக்க மட்டுமே உள்ளே வருவார். மற்ற நேரமெல்லாம் போர்வை போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எத்தனையோ வருஷம் ஆடியும் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. கிளப் சட்டைகளுக்கு நம்பர் தைப்பதும் நான், துவைப்பதும் நான். அந்தப் புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த மனுஷன் லெஸ்டர் போப்தான்.

வினை பக்கத்தின் அடியில் இருந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் கீழே ஒரே வாக்கியம்: இவருடைய நம்பரை இனி அணியில் யாரும் போட மாட்டார்கள். ஆபிரகாம் அதை வாய்விட்டு வாசித்தார், ஞாயிறு பூசையில் வாசகம் படிக்கிற குரலில். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"நம்ப ராஜப்பா அண்ணனுக்கு நாம இன்னா செஞ்சோம் லூயிசா?" என்றார்.

ராஜப்பா அண்ணன் அறுபதுகளில் எங்கள் கிளப்பின் சென்டர் ஃபார்வர்டு. பத்தாம் நம்பர். மெட்ராஸ் டீம் ஒன்று மாரிகுப்பத்துக்கு வந்து, அவர் அடித்த கோலை வாங்கிக்கொண்டு, சோறு கூடச் சாப்பிடாமல் ரயிலேறியது என்று சொல்வார்கள். மைனில் மேல்பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்து, இப்போது தொப்பையோடு வீட்டில் இருந்தார். அந்தக் கோலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்து கிளப்பில் கூட்டம் போட்டு, பத்தாம் நம்பரை ராஜப்பா அண்ணனுக்கே எழுதி வைத்தார்கள். அப்போது அந்த நம்பரைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தவன் என் தம்பி மேக்ஸ்வெல். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அவன் அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட்டு, வெறும் பனியனோடு வீட்டுக்கு வந்து சோறு கேட்பான். வயது இருபத்துமூன்று, வேலை கிடையாது. காலில் மட்டும் தங்கம் இருந்தது. எங்கள் ஊரில் தங்கத்துக்கு என்ன மரியாதை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கார்வர் சிட்டியில் அந்தச் சட்டைகளை எப்படி மாட்டுகிறார்கள் என்று புத்தகத்தில் படம் இல்லை. ஆகவே ஆபிரகாம் தனக்குத் தெரிந்த மாதிரி செய்தார். கிளப் சுவரில் ஆணி அடித்துச் சட்டையை ஹேங்கரில் தொங்கவிட்டு, செவ்வந்தி மாலை போட்டு, மேலே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிய விட்டார். கீழே 'ராஜப்பா' என்று பெயர்ப்பலகை வேறு.

மறுநாள் காலையில் ராஜப்பா அண்ணன் வீட்டு வாசலில் துக்கம் கேட்க ஆட்கள் நின்றார்கள். பூதிகோட்டையிலிருந்து அவர் மச்சான் வேன் எடுத்துக்கொண்டு மாலையோடு வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் ராஜப்பா அண்ணனே. அவர் வந்த மாலையை விடவில்லை, வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி தெரசா அக்காதான் துடைப்பத்தோடு என் வீட்டுக்கு வந்தார்.

"எங்க உன் ஊட்டுக்காரு? குத்துக்கல்லாட்டம் கீற மனுசனுக்கு மால போட்டு லைட்டு போட்டு வச்சிருக்காரே, அவர நான் பாக்கணும்."

ஆபிரகாம் பின்வாசல் வழியாக, தான் வேலை பார்க்கிற ஃபாக்டரியின் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். தெரசா அக்காவுக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்து, "அந்த பல்ப மட்டும் கழட்டச் சொல்லு. மத்தபடி அந்தாளு ராத்திரி பூரா சிரிச்சிக்கினே தூங்குச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு விட்டிருந்தால் சரி. மறு வாரமே முனிரத்தினம் வந்தார். அவருடைய செத்துப்போன அண்ணன் நாலாம் நம்பராம். தலையில் கட்டோடு முழு ஆட்டம் ஆடியவராம். ராஜப்பாவுக்கு ஒரு நியாயம், எங்க அண்ணனுக்கு ஒரு நியாயமா என்றார். நாலாம் நம்பர் சுவருக்குப் போனது. பிராட்டஸ்டன்ட் சபையில் ஒருவருக்குக் கொடுத்ததால் கத்தோலிக்கரில் ஒருவருக்கும் கொடுக்க வேண்டி வந்தது. இருவருக்கும் கொடுத்ததால் மாரியம்மன் கோயில் தெருவுக்கும் கொடுக்க வேண்டி வந்தது. ஒருத்தரிடமாவது 'முடியாது' என்று சொல்ல ஆபிரகாமின் நாக்கு புரள வேண்டுமே. என்னிடம் மட்டும் தாராளமாகப் புரளும். ஈஸ்டருக்குள் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எல்லா நம்பரும் சுவரில் தொங்கின. போன வருஷம்தான் வாங்கிய புதுச் சட்டைகள். உயிரோடு இருக்கிற ஆட்டக்காரர்களுக்குப் பழைய வெளுத்த சட்டைகளை எடுத்து, பன்னிரண்டிலிருந்து நம்பர் வெட்டித் தைத்தேன். மேக்ஸ்வெல்லுக்கு இருபத்தொன்று.

"ஹேமர்ஸ்ல தொண்ணூத்தொம்பது வரைக்கும் நம்பர் போடறாங்க," என்றார் ஆபிரகாம். "நமக்கு இன்னும் எவ்ளோ எடம் கீது பாரு."

கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. கடவுள் என்னைக் காப்பாற்றினார்.

மே மாதம் ராபர்ட்சன்பேட்டையில் கோப்பை ஆட்டம். பக்கத்து மைன் ஊரான சாம்பியன் ரீஃப் அணியோடு மோத நாங்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். அந்த வாரத்தில் வால்டர் என்று ஒரு ரெஃப்ரீ ஓடிவந்து ஒரு சேதி சொன்னார். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி, விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுக்கிறதாம். மாணிக்கராஜ் என்கிற செலக்டர் ஃபைனலைப் பார்க்க வருகிறார். வால்டர் அவரிடம் போன வருஷ ஆட்டத்தை வைத்து, 'மாரிகுப்பம் பத்தாம் நம்பரை மட்டும் பாருங்க சார், மத்தவங்கள பாக்கவே வேணாம்,' என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஆளுக்கு முகமெல்லாம் மனதில் நிற்காதாம். நம்பரைத்தான் பார்ப்பார், அதுவும் பாதி ஆட்டத்துக்கு மேல் ஆடினவனைத்தான் குறித்துக்கொள்வார்.

போன வருஷப் பத்தாம் நம்பர் மேக்ஸ்வெல். அம்மா போனபின் நான் வளர்த்த பிள்ளை அவன். மைன் இன்றைக்கு மூடுவான், நாளைக்கு மூடுவான் என்று கிடந்தது. புதிதாக ஒருத்தனையும் எடுப்பதில்லை. இந்த வேலை கிடைத்தால் அவன் மனுஷன் ஆவான். கிடைக்காவிட்டால் என் வீட்டு முற்றத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே கிழவனாவான். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

"சொவத்துல கீற பத்த எடுத்துக் குடுங்க," என்றேன் ஆபிரகாமிடம்.

"பத்த எடுத்தா முனிரத்தினம் நாலக் கேப்பாரு, அவனவன் வந்து நிப்பான். இருக்கறவங்க, செத்தவங்க எல்லாரும் என் கழுத்துமேல ஒக்காருவாங்க."

"அப்ப ஹேமர்ஸ்காரன் இன்னா பண்ணுவான், பொஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். ஒரு பக்கத்தில் வழி இருந்தது. நம்பருக்குச் சொந்தக்காரர் தன் கையால் எடுத்துக் கொடுத்தால் இன்னொருவர் போடலாம். டச் க்ரோமர் அப்படித் தன் நம்பரை ஒரு பையனுக்குக் கொடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே ராஜப்பா அண்ணனைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. கிளப்பில், தன் சட்டைக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் அங்கேதானாம். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து சட்டையின் விளிம்பை நீவிவிட்டார்.

"மைன்ல முப்பது வருசம் இருந்தேன் லூயிசா. அங்க எந்தச் செவத்துலயும் என் பேரு இல்ல. இதுல மட்டும்தான் கீது."

எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் கிளப்பில் மாற்று ஆட்டக்காரனுக்குத் தனிச் சட்டை கிடையாது. வெளியே வருகிறவன் கழற்றிக் கொடுப்பதை உள்ளே போகிறவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். ஈரமாகத்தான் இருக்கும், யாரும் முகம் சுளிப்பதில்லை.

"அண்ணே, நீங்களே பத்த போட்டுக்கினு எறங்குங்க. மொத உதை நீங்க ஒதைங்க. ஊரே பாக்கட்டும். அப்பால வெளிய வந்து, உங்க கையால மேக்ஸ்வெல்லுக்குக் குடுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுவரிலிருந்த மற்ற நம்பர்களின் வீட்டார் வந்து நியாயம் கேட்டபோது, "உங்க ஊட்டு ஆளுங்களும் வந்து எறங்கட்டும், யார் வேணான்னது?" என்றேன். பெரும்பாலும் கல்லறையில் இருந்தவர்கள் என்பதால் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஃபைனல் அன்று காற்று பேய் மாதிரி அடித்தது. மைனுக்குப் பின்னால் தங்கம் எடுத்தபின் கொட்டி, குன்றுகுன்றாகக் குவிந்து கிடக்கிற சயனைட் மணல் கிளம்பி வந்து மைதானத்தை வெள்ளையடித்தது. செலக்டர் மாணிக்கராஜ் எதிர்ப்பக்கம் ஷாமியானாவில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, இடையிடையே போண்டாவுக்காக மட்டும் அதை விலக்கினார். சூரியன் வேறு நேராக அவர் கண்ணில்.

ராஜப்பா அண்ணன் இறங்கினார். பத்தாம் நம்பர் சட்டை அவர் தொப்பையில் தலையணை உறை மாதிரி நின்றது. ஜனங்கள் கைதட்டினார்கள். முதல் உதையை உதைத்தார். பந்து வெளியே போனதும் ஆபிரகாம் கோட்டோரம் நின்று துண்டை ஆட்டினார். பக்கத்தில் மேக்ஸ்வெல் பனியனோடு குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

ராஜப்பா அண்ணன் துண்டைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடினார்.

"யோவ், வெளிய வாய்யா," என்று தெரசா அக்கா கத்தினார். காற்றில் காது கேட்காதவர் மாதிரி அவர் இன்னும் தூரம் போனார். நான் மைதானத்துக்குள் இறங்கி அவர் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன், ரெஃப்ரீ என்னைத் தெரிந்தவராக இருந்ததால் முன்கூட்டியே வந்து வழியை மறித்துக்கொண்டார்.

சாம்பியன் ரீஃப் பையன்கள் எல்லாம் அவர் மடியில் வளர்ந்த பிள்ளைகள். பந்தோடு அவர் வந்தால், "பாத்து மாமா, பாத்து," என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதனால் பந்து அவரிடமே சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்ச தூரம் உருட்டுவார், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவார், யாரும் பிடுங்க மாட்டார்கள், மறுபடி உருட்டுவார். பாதி ஆட்டம் இப்படியே போயிற்று. இடைவேளையில் வெளியே வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தோம். அவர் மைதானத்தின் நடுவிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆபிரகாம் என்னிடம், "ஓட்டிஸ் கிரேடி கூட கடைசி ஆட்டத்துல வெளிய வர மாட்டேன்னுதான்…" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மீதியை முழுங்கிவிட்டார். மேக்ஸ்வெல் குதிப்பதை நிறுத்தித் தரையில் உட்கார்ந்திருந்தான். "வுடுக்கா, ஆடட்டும்," என்றான். அழுகை வந்துவிட்டது எனக்கு.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ராஜப்பா அண்ணனுக்கு கோலுக்கு நேராகப் பந்து கிடைத்தது. எதிரே கீப்பர் மட்டும். அவன் முனியப்பன், அவருடைய தங்கை மகன். அவர் காலைத் தூக்கியதும் அவன் கம்பத்துப் பக்கமாக மெல்ல நகர்ந்து வழிவிட்டான். முழு கோலும் திறந்து கிடந்தது. குழந்தை உதைத்தாலும் உள்ளே போகும்.

ராஜப்பா அண்ணன் தூக்கிய காலைக் கீழே வைத்தார். அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு பந்தை அவன் கையிலேயே போய்ச் சேருகிற மாதிரி மெதுவாகத் தட்டிவிட்டு, திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தார்.

"வுட்டுக் குடுக்கறாங்க லூயிசா," என்றார் என்னிடம். மூச்சு இரைத்தது. "ஆரம்பத்துல இருந்தே வுட்டுக் குடுத்துக்கினுதான் இருந்திருக்காங்க. எனக்குத்தான் தெரியல."

அவர் சட்டையைக் கழற்றி, பிழிந்து, உதறி, மேக்ஸ்வெல் தலைவழியாக அவரே மாட்டிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் பெருமைதான். இரண்டு கோல். இரண்டாவதுக்கு என் தம்பி நாலு பேரைத் தாண்டினான், ஐந்தாவது ஆள் தானாகவே விழுந்தான். காற்றும் அப்போதுதான் ஓய்ந்தது. மாணிக்கராஜ் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். கோப்பை எங்களுக்கு.

ஆட்டம் முடிந்ததும் பத்தாம் நம்பரைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லோருமே கூடப் போனோம். ஷாமியானாவைச் சுற்றி ஊரே நின்றது.

"முதல் பாதியில ஏம்ப்பா அப்படி ஆடினே? நடந்துகிட்டே இருந்த. கொஞ்சம் குண்டாக்கூட தெரிஞ்சே," என்றார்.

"காத்துல சட்ட உப்பிக்கிச்சி சார்," என்றார் ஆபிரகாம். என்னைக் கட்டிக்கொண்டதற்கு அப்புறம் அவர் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான்.

மாணிக்கராஜ் சந்தேகமாகப் பார்த்தார். "ஆட்டம் பூரா நீதானே ஆடினே? பாதி ஆட்டத்துக்கு அப்புறம் வந்த ஆளுன்னா நான் எடுக்க முடியாது."

மேக்ஸ்வெல்லுக்குப் பொய் வராது. வாயைத் திறந்தான். அவன் உண்மையைச் சொல்லிவிடப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"இவன்தான் சார் பூரா ஆடுனான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ராஜப்பா அண்ணன். பனியன் வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. "காலைல இருந்து வயித்தால போயிக்கினு இருந்திச்சி. அதான் மொதல்ல நடந்தான். பத்து இவன்தான் சார், வேற யாரும் இல்ல."

கூட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. முனிரத்தினம் கூட. சாம்பியன் ரீஃப் பையன்கள் கூட.

"நீங்க யாரு?" என்று கேட்டார் மாணிக்கராஜ்.

"நானா?" ராஜப்பா அண்ணன் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "டீமுக்குத் தண்ணி குடுக்கற ஆளு சார்."

மாணிக்கராஜ் தலையாட்டிவிட்டு, மேக்ஸ்வெல்லின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை பெங்களூருக்கு வரச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "தொண்டையெல்லாம் மணலா இருக்கு. எனக்கும் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க," என்றார் ராஜப்பா அண்ணனிடம்.

நான் முந்திக்கொண்டு ஓடப் போனேன். தெரசா அக்கா என் கையை அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டார். ராஜப்பா அண்ணன் குடத்தண்டை போய், டம்ளரைக் கழுவி, நிறைய மொண்டு, தளும்பாமல் கொண்டுவந்து கொடுத்தார்.